சேஸிஸில் தீ படக்கூடாது

அத்தான் ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் முகம் சுருங்கிப்போகும். இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு ஒரு டஜன் வாங்க அவர் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு பிளேடாக எடுத்து, இரண்டு முனையையும் விரல்களால் பிடித்து லேசாக வளைத்து விடுவார். விட்ட வேகத்தில் அது நேராகி நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு பல் வரிசையின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டுவார். கடைசியாகக் காதோரம் பிடித்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். அந்தச் சத்தத்தில் என்ன கேட்டாரோ, ஒரு பெட்டியில் ஏழு தேறினால் பெரிய காரியம். மற்றவற்றை அதே வரிசையில் அடுக்கித் திருப்பிக் கொடுப்பார்.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தவுககூட இம்புட்டு நேரம் எடுக்க மாட்டாவ" என்று கடைக்காரர் ஒருநாள் சொல்லிவிட்டார். அத்தான் சிரிக்கவில்லை. "இத வச்சு அறுக்கிற வண்டியில ஆளு உக்காரும்லா" என்றார். நான் பக்கத்தில் நின்று ராஜபாளையம் கடைத்தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பது வயது. ஐடிஐயில் ஃபிட்டர் படிப்பு முடித்தவன் என்கிற திமிர் உடம்பு முழுக்க இருந்தது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு மனிதர் கடையில் பிளேடைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு மானம் போனது.

அத்தான் என் அக்காவின் கணவர். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில், எங்கள் இருவருக்குமாக, வண்டிகளுக்குப் பாடி கட்டுகிற ஒரு பட்டறை இருந்தது. எண்பதுகளின் கடைசியில் தொடங்கினோம். வெல்டிங்குக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் வருவார், மற்றதெல்லாம் நாங்கள் இருவரும்தான். வண்டிக் கம்பெனிக்காரன் செய்து அனுப்புவது ஒன்று, எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேண்டியது வேறொன்று. பஞ்சு மூட்டை ஏற்றுகிறவருக்கு லாரியின் பக்கப் பலகை உயரமாக வேண்டும். ரொட்டிக் கடைக்காரருக்கு மழை புகாத பெட்டி வேண்டும். நூற்பாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன்காரருக்கு, வேன் இரண்டு வரிசை நீளமாக வேண்டும். இருப்பதை வெட்டி, இல்லாததை ஒட்டி, கேட்டவர் கேட்டபடி செய்துகொடுப்பது எங்கள் பிழைப்பு.

இந்த வேலையில் வெட்டுவதுதான் முக்கால் பங்கு. எதை எதனால் வெட்டுவது என்பதில் அத்தானுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அலுமினியத் தகட்டுக்குக் கத்திரி, அதிலும் நேராக வெட்ட ஒன்று, வளைத்து வெட்ட இடக்கை வலக்கை என்று தனித்தனியாக. மெல்லிய குழாய்க்கு, அங்குலத்துக்கு முப்பத்திரண்டு பல் உள்ள பிளேடு. கனத்த சேனல் சட்டத்துக்குப் பதினெட்டு பல். "கனத்ததுக்குப் பொடிப்பல்லு போட்டா தூளு அடைச்சுக்கிடும். மெல்லிசுக்குப் பெரும்பல்லு போட்டா பல்லு தெறிச்சிரும். எதை அறுத்தாலும் மூணு பல்லாவது இரும்பு மேல உக்காரணும் மாப்ளே." இதை அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் நான் தலையை ஆட்டியிருப்பேன். ஐடிஐ புத்தகத்தில் இதே விஷயம் ஒரு கட்டத்துக்குள் அச்சடித்திருந்தது, அதைச் சொல்லிக்கொள்ள வாய்ப்பு வரவில்லையே என்றுதான் எனக்கு எரிச்சல்.

இரும்பை நெருப்பால் உருக்கி வெட்டுகிற கேஸ் கட்டர் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். ஆக்சிஜன் சிலிண்டர் மதுரையிலிருந்து வர வேண்டும், வந்தது. பழைய வண்டிகளைப் பிரிப்பதற்கும் காயலான் இரும்பை நறுக்குவதற்கும் அது எமன் மாதிரி வேலை செய்தது. அத்தானும் மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். சேஸிஸில் தீ படக்கூடாது. வண்டியின் முதுகெலும்பாக முன்னிருந்து பின்வரை ஓடுகிற அந்த இரண்டு நீளச் சட்டங்களையும் ஆக்சாவால், கையால்தான் அறுக்க வேண்டும். "சேஸிஸு மூங்கில் மாதிரி மாப்ளே. பாரம் ஏத்துனா வளைஞ்சு கொடுக்கும். தீயக் காட்டுனியோ, முருங்கைக் கொம்பாயிரும். பாக்க அப்படியேதான் இருக்கும், ஒருநாள் மளுக்குன்னு போவும்."

நான் வாதாடினேன். அறுத்த பிறகு வெல்டிங் வைக்கிறோமே, அது தீ இல்லையா என்று கேட்டேன். "அது தவிர்க்க முடியாத சூடு. அதுக்குத்தான் உள்ள இன்னொரு சேனல் வச்சு ரிவெட் அடிக்கோம். தவிர்க்க முடியறதத் தவிர்த்துப்புடணும்லா" என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஒரு சட்டத்தை அறுக்க முழுதாக ஒரு நாள், கனமான வண்டி என்றால் இரண்டு நாள். பக்கத்திலேயே கால் மணி நேரத்தில் முடிக்கிற கருவி சாத்தி வைத்திருக்கிறது. தோசைக்கல் இருக்க மண்சட்டியில் சுடச் சொல்வதுபோல் இருந்தது எனக்கு.

வன்னியம்பட்டியிலிருந்து ஒரு வேன்காரர் வந்தார். ஆண்டாள் கோயிலோடு ஒட்டிய குடும்பம். ஆலைப் பெண்களை ஏற்றிப்போகிற வேனை இரண்டு வரிசை நீட்ட வேண்டும். அதோடு புரட்டாசி முதல் சனிக்கிழமைக்குள் வண்டி கைக்கு வந்துவிட வேண்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு, அந்த மலைப் பெருமாளுக்கு, முதல் நடை அதில்தான் ஆட்களை ஏற்றிப்போக வேண்டும் என்று வேண்டுதல். வண்டியைக் கொண்டுவந்து விட்டது ஆடி நடுவில். ஆடியில் இரும்பு தொட வேண்டாம் என்றார். சரி, ஆவணி பிறந்தது. அவர் வீட்டில் ஒரு கல்யாணம், அது முடியட்டும் என்றார். கல்யாணம் முடிந்தது, அடுத்த நாள் கரிநாள். இப்படியே வேன் எங்கள் பட்டறையில் சும்மா நின்று தூசி சேர்த்தது. நல்ல நேரம் பார்த்து எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டி, அத்தான் ஆக்சாவை இடப்பக்கச் சட்டத்தில் வைத்து முதல் இழுப்பு இழுத்தபோது ஆவணி பாதி ஆகியிருந்தது.

இடது சட்டத்தை அவரே இரண்டு நாளில் அறுத்து முடித்தார். மூன்றாம் நாள் காலையில் அவருடைய பெரியப்பா மகன் இறந்துபோனார் என்று ஆள் வந்தது. பங்காளி. பதினாறு நாள் தீட்டு. எடுத்து முடித்துத் திரும்பியதும் வேன்காரர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பெருமாள் மலை ஏறுற வண்டி. அண்ணாச்சி தப்பா நினைக்கப்படாது. காரியம் முடியுற மட்டும் வண்டிய நீங்க தொடாம இருந்தா…" என்று இழுத்தார். அத்தானே அதைத்தான் நினைத்திருந்தார். "தொட மாட்டேன், கேட்டுக்குள்ளயே வரமாட்டேன். மாப்ளைக்குத் தீட்டு கிடையாது, அவன் பாத்துக்கிடுவான்" என்றார். யாருக்கு வேலை தெரியுமோ அவர் வெளியே, யார் கையில் பொறுமை இல்லையோ அவன் உள்ளே. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நல்லதென்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

அத்தான் சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து வண்டி தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். நான் அறுப்பதைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ளே, அமுக்காதே! முன்னால தள்ளும்போது மட்டும் அமுக்கு, இழுக்கும்போது விட்டுரு!" என்று அங்கிருந்தே கத்துவார். லாரி ஒன்று கடந்துபோகும். பிறகு மறுபடியும், "பிளேடு சூடாவுது, தண்ணி தொடு!" டீ குடிக்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தேன். அவர் தேர்ந்தெடுத்த பிளேடுகள் தீர்ந்துபோயிருந்தன. நான் போய் ஒரு பெட்டியை அப்படியே, பிரித்துக்கூடப் பார்க்காமல், இரண்டு நிமிடத்தில் வாங்கி வந்திருந்தேன். மாலைக்குள் ஆறு பிளேடு ஒடிந்தது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். சட்டத்தில் இரண்டு விரல் ஆழம்கூட இறங்கவில்லை.

மறுநாள் காடாத்து. சாம்பலுக்குப் பால் தெளிக்க அத்தான் பங்காளிகளோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டார். டீக்கடைப் பெஞ்சு காலியாக இருந்தது. நான் நெடுநேரம் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். பெஞ்சைப் பார்த்தேன், கொப்புளத்தைப் பார்த்தேன், சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. பொறி சொரிய, உருகிய இரும்பு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழ, வலது சட்டம் இரண்டாகிவிட்டது. என் மனதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படித்தவன் ஜெயித்துவிட்டான் என்கிற மாதிரி ஒரு சந்தோஷம்.

அவர் திரும்புவதற்குள் அடையாளத்தை அழிக்க வேண்டும். இரும்பு சிவந்து கிடந்தது. அது தானாக ஆறுகிற வரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றினேன். சிவக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் நனைத்தால் அது கெட்டிப்பட்டு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஐடிஐயில் உளி காய்ச்சச் சொல்லிக்கொடுத்தபோது முதலில் கற்றதே அதுதான். தெரிந்த கைதான் ஊற்றியது. பிறகு கிரைண்டரால் விளிம்பைத் தேய்த்து, கறுப்பையும் நீலத்தையும் எடுத்து, அரம் போட்டு, கடைசியில் ஆக்சாவை லேசாக இழுத்து இழுத்து அறுத்த கோடுகளை வரைந்தேன். அந்தப் பட்டறையில் நான் செய்த வேலைகளிலேயே மிக நேர்த்தியானது அதுதான்.

மதியம் அத்தான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் சாலையைக் கடந்து போய், முடிந்துவிட்டது என்றேன். தீட்டு என்பதால் என்னைத் தொடாமல், கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. "எத்தனை பிளேடு போச்சு?" என்றார். பதினொன்று என்றேன். அவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார், சரியாக வந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்துவிட்டது. அன்று அக்காவிடம், "உன் தம்பிக்குக் கை பழகிட்டு. இனி எனக்குக் கவலையில்ல" என்று சொன்னாராம். தீட்டு வீட்டில் கவிச்சி ஆகாதென்று, அக்கா பக்கத்து வீட்டில் சொல்லி எனக்கென்று தனியாக மீன் வறுத்து வாங்கி வைத்திருந்தாள். சாப்பிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு துண்டு இரும்பு வீணாகியிருக்கும், வேண்டுதல் ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும், எனக்கு நாலு வசவு கிடைத்திருக்கும். வேறொன்றும் ஆகியிருக்காது.

ஒட்டுகிற சேனலின் நீளம், உள்ளே வைக்கிற சேனலின் நீளம், ரிவெட்டுக்கு ரிவெட் இடைவெளி, எல்லா அளவையும் அத்தான் பெஞ்சிலிருந்தே சொன்னார். வண்டியைப் பார்க்காமல், தொடாமல் அளவு சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. "கண்ணக் கட்டிக்கிட்டு முடி வெட்டுற மாதிரி இருக்கு" என்று சலித்துக்கொண்டார். ஆனால் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் முடிந்து அவர் குளித்துவிட்டு உள்ளே வந்தபோது எல்லாம் ஒட்டி, ரிவெட் அடித்து, சிவப்புப் பூச்சும் பூசியாகிவிட்டது. ஒரு சுத்தியலால் ரிவெட்டுகளைத் தட்டிப் பார்த்தார். தலையசைத்தார். புரட்டாசி முதல் சனிக்கிழமை வேன் மலைக்குப் போனது. பொங்கலும் துளசியும் எங்கள் வீடு தேடி வந்தன.

வேன் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. தளவாய்புரம் பக்கத்திலிருந்து காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு எங்கள் பட்டறையைத் தாண்டித்தான் ஆலைக்குப் போகும். முதல் மாதங்களில் அது கடந்துபோகும் போதெல்லாம் என் கண் அதன் வயிற்றுக்கடியில் போகும். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் ஆகாது, அத்தானுடையது பழைய காலத்துப் பயம் என்று என்னையே நான் தேற்றிக்கொண்டேன்.

ஒரு காலை ஷிப்டுக்கு வரும்போது, தளவாய்புரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பாலத்தருகே பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் வலது சட்டம் ஒடிந்தது. வேன் நடுவில் மடிந்து வலப்பக்கமாகச் சாய்ந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. சன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் வலக்கை சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இருபது வயதுக்காரி. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. நாங்கள் மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சாப்பாட்டு வாளிகள் சாலையெல்லாம் கிடந்தன.

அத்தான் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து உள்ளே போனார். நானும் குனிந்து பார்த்தேன். உள் சேனலின் ரிவெட்டுகள் பிய்ந்து தொங்கின. வெல்டிங் ஒட்டியபடியே இருந்தது. அதற்கு ஒட்டினாற்போல், நான் தீயால் வெட்டிய விளிம்பில், ஒரு வளைவு நெளிவு இல்லாமல் மளுக்கென்று ஒடிந்திருந்தது. சேறும் துருவும் தாரும் அப்பிக்கிடந்தன. அவர் அந்த ஒடிவில் கட்டைவிரலை வைத்து ஓட்டினார். இடது பக்கம் நகர்ந்துபோய் தான் அறுத்த சட்டத்தையும் தடவிப் பார்த்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. வெளியே வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. "அளவு தப்பிப்போச்சு மாப்ளே" என்றார்.

வேன்காரரிடமும் அதையே சொன்னார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் அதையே சொன்னார். "உள் சேனல் இன்னும் ஒரு சாண் நீளமா வச்சிருக்கணும். நான் சொன்ன அளவு தப்பு." நான் பக்கத்தில் நின்றேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தக் கணத்தில் முடிவு கட்டினேன். அவர் அறுத்த பக்கம் நிற்கிறது, நான் அறுத்த பக்கம் ஒடிந்திருக்கிறது, பிளேடின் சத்தத்திலேயே அதன் தரம் சொல்கிற மனிதருக்கு இது தெரியாமலா போகும்? மனைவியின் தம்பி என்பதற்காக, அக்கா முகத்துக்காக, பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பெரிய மனதுக்கு நான் கொடுத்த மரியாதை, வாயைத் திறக்காமல் இருந்ததுதான்.

சில வாரம் கழித்து அந்தப் பெண்ணைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மணிக்கட்டுக்கு மேல் கையை எடுத்திருந்தார்கள். நூல் அறுந்தால் முடிபோடுகிற வேலை செய்தவள். அவளுடைய அம்மா எங்களைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்தான் இடக்கையால் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், கொஞ்சம் சிந்தியது. அத்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என் அளவு தப்பிப்போச்சு தாயி" என்றார். "நீங்க என்ன செய்வீய மாமா, என் நேரம். செத்த நேரம் முந்தி எந்திரிச்சு இடப்பக்கம் மாறி உக்காரணும்னு நினைச்சேன், சோம்பப்பட்டு இருந்துட்டேன்" என்றாள். எல்லோரும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். உண்மையான காரணம் அவள் வைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் பிறகு ஆலைக்குப் போகவில்லை. கல்யாணமும் ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பட்டறையை யாரும் மூடச் சொல்லவில்லை. ஊரில் அத்தானுக்கு இன்னும் பெயர் இருந்தது. ஆனால் அவரால் அளக்க முடியவில்லை. சாக்பீஸால் கோடு போடுவார், நின்று பார்ப்பார், உள்ளங்கையால் அழிப்பார், மறுபடி அளப்பார். காலையில் தொடங்கிய கோடு மதியம் வரை முடியாது. நான் போட்ட கோட்டை நம்பி அறுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நாளில் ஒரு நூற்பாலையின் வாசலில் காவல் வேலைக்குப் போய்விட்டார். கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டு, கேட்டைச் சாத்த வேண்டும். அதில் அளப்பதற்கு ஒன்றுமில்லை. டேப் ஒன்றைத் தவிர மற்றக் கருவிகளையெல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டார். அதையும் மன்னிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சன்னல் கம்பியும் கேட்டும் செய்யத் தொடங்கினேன். ஒடிந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத வேலை. என் பிள்ளைகளிடம், உங்கள் மாமாவைப்போல ஒரு மனிதரைப் பார்க்க முடியாது என்று சொல்லுவேன். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அக்கா வீட்டுக்குப் போவோம். அத்தான் அதிகம் பேச மாட்டார், என்னைப் பார்த்து, "வா மாப்ளே" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்குள் எனக்கு எல்லாம் இருந்தது. அவர் எல்லாம் தெரிந்தே என்னை மன்னித்துவிட்டார், அதனால் நான் போய் அதைத் தோண்டி எடுப்பது அவருக்குத்தான் அவமரியாதை என்று ஒரு நியாயம் செய்துவைத்திருந்தேன். வருடங்கள் ஆக ஆக அந்த நியாயம் பளபளப்பாகிக்கொண்டே வந்தது. அதன் மேல் சாய்ந்துகொண்டுதான் நான் தூங்கினேன், சாப்பிட்டேன், பிள்ளைகளைக் கரையேற்றினேன்.

இப்போது அந்தச் சாலையில் எங்கள் பட்டறை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய பாடி கம்பெனி இருக்கிறது. இரும்பை மேசையில் வைத்துக் கணினியில் அளவைப் போட்டால் அதுவே அறுத்துத் தருகிற இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அறுபடும் இடத்தில் பாலைப்போல ஒரு தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, சூடு ஏறவே விடுவதில்லை. எந்த இரும்புக்கு எந்தப் பிளேடு, எத்தனை பல் என்று சுவரில் பெரிய பட்டியல் ஒட்டியிருக்கிறது. ஒரு கேட் வேலையாக அங்கே போனபோது நின்று வாசித்தேன். அத்தான் சொன்னதற்கு மாறாக ஒரு வரிகூட அதில் இல்லை.

அத்தான் இறந்து சில வருடம் ஆகிறது. அப்போது காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு நானும் அக்காவும் மட்டும் வீட்டில் இருந்தோம். அவள் அவருடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "அத்தான் ரொம்பப் பெரிய மனுஷர்க்கா, எத்தனையோ தாங்கிக்கிட்டாவ" என்றேன்.

"என்னத்தலே தாங்குனாவ?" என்றாள். "மனசு விட்டுப்போச்சு. உனக்குத் தெரியாது, நாங்க சொன்னதில்ல. வேலைக்குப் போயிட்டு வந்து டேப்ப எடுத்துருவாவ. ஏட்டி, இந்த முனையப் பிடிம்பாவ. கட்டில அளப்பாவ, நிலையக் கதவ அளப்பாவ. என்கிட்ட எம்புட்டுன்னு கேப்பாவ. நான் சொல்லுவேன். அவியளும் அதையேதான் சொல்லுவாவ. சரியாத்தான இருக்குன்னா, இப்ப சரியா இருக்கு, அன்னிக்கு எப்படிட்டி தப்புச்சும்பாவ. படி இடப்பக்கம், டீசல் டேங்கு வலப்பக்கம், வலப்பக்கம் பாரம் கூடும்னு தெரிஞ்சும் ரெண்டுக்கும் ஒரே அளவச் சொல்லிட்டேனேன்னு ஒரே புலம்பலு. கடைசியா படுக்கையில கிடக்கையிலயும், அந்தப் பிள்ளை கை, அந்தப் பிள்ளை கைன்னுட்டே கிடந்தாவ."

"என்னப் பத்தி ஏதும் சொன்னாவளா?" என்று கேட்டேன்.

"உன்னப் பத்தி என்ன சொல்ல? மாப்ளை கை கிழிய அறுத்துக் கொடுத்தான், நான் அளவத் தப்பாச் சொல்லி அவன் வேலையையும் கெடுத்துட்டேன்னு வருத்தப்படுவாவ. உன் மூஞ்சியப் பாக்கவே அவியளுக்குக் கூச்சம். அதான் நீ வந்தா எந்திரிச்சு வெளிய போயிருவாவ, கவனிச்சிருப்பியே."

கவனித்திருந்தேன். என்னை வருத்தக்கூடாது என்று எழுந்து போகிறார் என்று நினைத்திருந்தேன். அத்தனை வருடமும் அவர் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்று நம்பியிருந்தேன். அவரிடம் தாங்குவதற்கு என் தப்பு எதுவுமே இல்லை. என் தப்பை அவருடையதென்று எண்ணி அவர் ஒருவராகச் சுமந்து தீர்த்திருக்கிறார். நான் அடையாளத்தை அழித்த வேலை அவ்வளவு நேர்த்தி. சேற்றுக்கும் துருவுக்கும் அடியில் அந்தக் கட்டைவிரலுக்கே தட்டுப்படவில்லை.

அக்கா ஒரு வேட்டியை மடித்து வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். "நான் அளவு தப்பலன்னு எத்தனையோ மட்டம் சொன்னேன். நான் சொன்னா நம்புவாவளா? எனக்கு என்ன தெரியும்பாவ. விவரம் தெரிஞ்ச ஆளு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருப்பாவ. நீயாவது சொல்லியிருக்கலாம்லே. நீ படிச்சவன், கூடவே இருந்தவன். நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பாவ."

"சொல்லியிருக்கலாம்க்கா" என்றேன். அக்கா எனக்குச் சோறு எடுத்துவைக்க உள்ளே போனாள்.